கொல்லிமலையில் ஒரு நாள்

கல்லூரியில் உடன் பயின்ற நண்பர் நால்வர், பல ஆண்டுகளுக்குப் பின்னர், கார்த்திகைத் திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று நாமக்கல் பேருந்து நிலையத்தில் ஒன்று கூடினோம். பொழுது இன்னும் புலரவில்லை. நால்வருள் ஒருவர் சேலத்தில் துணி வணிகம் செய்பவர். ஒருவர் திருச்சிராப்பள்ளியில் தாவரநூல் கற்பிப்பவர். ஒருவர் கொல்லிமலையிலேயே பிறந்து வளர்ந்து, இப்பொழுது நாமக்கல்லில் அலுவல் பார்ப்பவர். நான் தமிழாசிரியன். "எத்தனை காலமாக அழைக்கிறேன்! ஒரு நாளேனும் என் மலைக்கு வாருங்கள்" என்று மலை நண்பர் விடுத்த அழைப்பே எங்களை அன்று ஒன்று சேர்த்தது.

அவர் கையில் ஒரு கோணிப்பை இருந்தது. அதனுள்ளே நீண்ட கயிற்றுச் சுருள் ஒன்றும், கூர் சீவிய மூங்கில் முளைகள் ஒரு கட்டும் காணப்பட்டன. "சுற்றுலாவுக்கு வருபவர் கூடாரம் அடிக்கப் போகிறீரோ?" என்று வணிக நண்பர் நகைத்தார். "மாலையில் சொல்கிறேன்" என்று கூறி அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

பேருந்து சேந்தமங்கலத்தையும் காளப்பநாயக்கன்பட்டியையும் கடந்து, மலையடிவாரத்துக் காரவள்ளியை அடைந்தபோது கீழ்வானம் வெளுத்திருந்தது. எதிரே கொல்லிமலை ஒரு பெருஞ்சுவர் போல நின்றது. மற்ற மலைகள் கூம்பிய முடிகளோடு நிற்கும். இதன் உச்சியோ தூரத்திலிருந்து பார்ப்பவர்க்குப் பெரிதும் சமமாகத் தோன்றும். சதுரகிரி என்னும் பெயரும் இதற்கு வழங்குவதன் பொருத்தம் அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலையின் மேற்பரப்பு, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் வரை உயர்ந்துள்ளது.

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை செல்லும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. செங்குத்தான சரிவில் நேர்ப்பாதை அமைத்தால் எந்த வண்டியும் ஏற இயலாது. ஆகவே பாதையை மடித்து மடித்து நீட்டி, ஏற்றத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஒரு முழு வேட்டியை மடித்துப் பெட்டியில் அடக்குவது போல என்று வணிக நண்பர் உவமை கூறினார். அவர் தொழில் அவரை விடுமா? ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதப்பெற்றுள்ளது. ஆனால் எழுதி வைத்த கணக்கை நம்பும் வழக்கம் அவருக்கு இல்லை. தாமே விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிடுவதே மலைப்பாதையின் முறை. அவ்வாறு ஒரு வளைவில் பாரவண்டி ஒன்று எங்களுக்காகக் காத்து நின்றது. அதன்மேல் மரவள்ளிக் கிழங்கு மலைபோல் குவிந்திருந்தது. மலை நண்பர் அதனையே நெடுநேரம் திரும்பிப் பார்த்துக் கொண்டிருந்தார்.

ஏற ஏறக் காற்றுக் குளிர்ந்தது. ஓராயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறையும் என்று தாவரநூல் நண்பர் கூறினார். அடிவாரத்து முட்புதர்கள் மறைந்தன. அடர்ந்த மரங்கள் தோன்றின. அவற்றினிடையே மூடுபனி புகை போலப் புகுந்து திரிந்தது. சோளக்காட்டை அடைந்ததும், "அறுபத்தொன்பது!" என்று வணிக நண்பர் உரக்கக் கூவினார். பேருந்தில் இருந்தோர் அனைவரும் சிரித்தனர். எதிரிலிருந்த எண் 70 என்று காட்டிற்று. "வழியில் ஒன்றை இரண்டாக எண்ணிவிட்டார்கள்" என்பது அவருடைய தீர்ப்பு.

சோளக்காட்டுச் சந்தையில் வாழைத்தார்களும் அன்னாசியும் மிளகும் குவிந்திருந்தன. ஓரிடத்தில் ஆட்டுக்கால் போன்ற ஏதோ ஒன்றைக் கூறுகட்டி வைத்திருந்தனர். பழுப்பு நிறத்தில் ஆட்டுமயிர் போன்ற பூம்பரப்பு அதனை மூடியிருந்தது. "இதுதான் முடவாட்டுக்கால் கிழங்கு" என்றார் மலை நண்பர். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் ஒருவகைப் பன்னத்தின் தண்டு அது. நாம் கிழங்கு என்று அழைத்தாலும் மண்ணுள் விளைவதன்று என்று தாவரநூல் நண்பர் விளக்கினார். மிளகும் சீரகமும் சேர்த்துக் காய்ச்சிய அதன் சாற்றை ஆளுக்கு ஒரு குவளை அருந்தினோம். மூட்டுவலிக்கு நல்லது என்று விற்பவள் கூறியதும், வணிக நண்பர் இரண்டாம் குவளையும் கேட்டு வாங்கினார். அதன் பயன் அன்று நண்பகலிலேயே சோதிக்கப்படும் என்பதை அவர் அப்பொழுது அறியார்.

அங்கிருந்து செம்மேட்டை அடைந்தோம். மலையின் தலைமை ஊர் இதுவே. இங்கே வல்வில் ஓரி குதிரைமேல் அமர்ந்த கோலத்தில் சிலையாக நிற்கிறான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரி, இக்கொல்லிமலையை ஆண்டவன். ஆண்டுதோறும் ஆடித் திங்களில் அவனுக்கு இங்கு விழா எடுக்கின்றனர். சிலையின் கீழ் நின்று, புறநானூற்றில் வன்பரணர் பாடிய நிகழ்ச்சியை நண்பர்களுக்குச் சொன்னேன்.

பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே செல்கிறது. வேட்டுவன் ஒருவன் வில்லை வளைத்து ஓர் அம்பை விடுகிறான். அவ்வம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் சென்று தைக்கிறது. பாணர்கள் வியந்து அவனைப் பாடுகின்றனர். ஓரியின் பெயரைச் சொல்லிப் புகழ்கின்றனர். தன் பெயரைத் தானே கேட்ட அவ்வேட்டுவன் நாணுகிறான். தான் யார் என்று கூறாமலே, வேட்டையில் கிடைத்த ஊனையும், தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் வாரிக் கொடுக்கிறான்.

"ஓர் அம்பில் ஐந்து உயிர்களா?" என்று தாவரநூல் நண்பர் ஐயுற்றார். அம்பைப் பற்றி ஐயுறலாம். புகழைக் கேட்டு நாணிய அந்த முகத்தை ஐயுற எனக்கு மனம் வரவில்லை. இன்று அம்மலையில் யானையும் இல்லை, புலியும் இல்லை. ஓரியின் முடிவும் இரங்கத்தக்கது. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூறு கூறுகிறது. அவ்விருவரும் வள்ளல்கள், இருவரும் தத்தம் குதிரைக்குத் தம் பெயரையே இட்டவர்கள். ஆயினும் ஒருவர் கையால் ஒருவர் மாண்டார்.

செம்மேட்டிலிருந்து வேறொரு பேருந்தில் வளப்பூர் நாட்டிற்குச் சென்றோம். கொல்லிமலையில் ஊர்த்தொகுதிகளை நாடு என்றே அழைக்கின்றனர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. இந்நாடுகளில் பெரும்பாலும் வாழ்பவர் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்னும் பொருளில் இவர்களுக்கு இப்பெயர் வந்தது. கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பு இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்றும், அவர் வழியினரே தாம் என்றும் இவர்கள் தம் முன்னோர் கதையைச் சொல்லி வருகின்றனர்.

வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயில் உள்ளது. அம்பலவாண கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இவ்விறைவன்மேல் பாடப்பெற்றதே. கோயிலருகே ஓடும் ஓடையில் மீன்கள் அச்சமின்றிக் கூட்டமாகத் திரிகின்றன. இங்கு எவரும் அவற்றைப் பிடிப்பதில்லை. அறுத்துச் சமைத்த மீன்கள் மீண்டும் உயிர்பெற்று நீரில் துள்ளிக் குதித்தன என்னும் கதை இத்தலத்தில் வழங்குகிறது. பொரியைத் தூவினோம், நீரே தெரியாதபடி மீன்கள் மொய்த்தன.

கோயிலுக்கு அண்மையில் ஆகாயகங்கை அருவிக்குச் செல்லும் படிகள் தொடங்குகின்றன. அருவி கீழே பள்ளத்தாக்கில் உள்ளது. அதனை அடைய ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது எங்கள் வேடிக்கைப் பேச்சுக்குக் குறைவில்லை. ஒரு குரங்கு வணிக நண்பர் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பைப் பறித்துக் கொண்டு மரத்திலேறி, ஒவ்வொன்றாக உரித்து, தோலை அவர்மேலேயே எறிந்தது. "கொள்முதல் விலையும் கிடைக்கவில்லையே!" என்று அவர் வருந்தினார்.

அருவியின் ஓசை முதலில் கேட்டது. பின்னர் நீர்த்திவலை முகத்தில் பட்டது. கடைசித் திருப்பத்தில் அருவியே கண்முன் நின்றது. ஐயாறு என்னும் ஆறு ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து பாறைச்சுவர் வழியே வீழ்கிறது. அண்ணாந்து பார்த்தால் வானத்திலிருந்தே இறங்குவது போலத் தோன்றும். கீழே விழும் முன்னரே நீரில் ஒரு பகுதி புகையாகி, காற்று வீசும் பக்கமெல்லாம் அலைகிறது. பேச்சு ஒருவருக்கொருவர் கேட்கவில்லை. மழைக்குப்பின் நீர்ப்பெருக்கு மிகுந்தால் குளிக்க விடமாட்டார்கள். அன்று தடை இல்லை. கரையோரமாக நின்று நீராடினோம். முதுகில் நீர் அறைந்தது; பற்கள் குளிரால் தாளமிட்டன; நாற்பது வயதைக் கடந்த நால்வரும் சிறுவர்களைப் போலக் கூச்சலிட்டோம். இவ்வாறு இங்கு வீழ்ந்த ஆறே, காடுகளின் ஊடே இறங்கி, திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புளியஞ்சோலையை அடைகிறது.

திரும்ப ஏறுவது வேறு கதை. நூறு படிகளுக்குப்பின் பேச்சு நின்றது. முந்நூறு படிகளுக்குப்பின் வணிக நண்பர் அமர்ந்துவிட்டார். "முடவாட்டுக்கால் சாறு என்ன ஆயிற்று?" என்று கேட்டோம். "அது மூட்டுக்குத்தான், மூச்சுக்கு அன்று" என்று இரைக்க இரைக்க விடை கூறினார். மலை நண்பர் மட்டும் சிறிதும் களைப்பின்றி முன்னே சென்று, திருப்பந்தோறும் எங்களுக்காகக் காத்து நின்றார். அப்பொழுதெல்லாம் அவர் மனம் வேறெங்கோ இருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்கு அவர் இல்லத்தை அடைந்தோம். அவருடைய அன்னையார் வாயிலில் நின்று, "வாருங்கள், தம்பிகளே! அருவியில் பசியை விட்டுவிட்டு வந்தீர்களோ, கொண்டு வந்தீர்களோ?" என்று கேட்டார். வாழையிலையில் சாமைச் சோறும், மொச்சைக் குழம்பும், கீரையும் படைத்தார். எத்தனை முறை சோறு வாங்கினோம் என்பதை இங்கு எழுதாமல் விடுகிறேன். உணவுக்குப்பின் தினைமாவும் தேனும் கலந்த உருண்டை வந்தது.

உண்டு முடிந்ததும் மலை நண்பர் கோணிப்பையை எடுத்து வந்து நடுவில் வைத்தார். "காலையில் கேட்டீர்களே, சொல்கிறேன். அம்மா சாமை விதைக்கும் காட்டில் வெள்ளிக்கருவாலி மரக்கன்றுகள் நட்டு, அவற்றின்மேல் மிளகுக்கொடி ஏற்றப் போகிறேன். குழிகளுக்கு அளவு எடுக்கவே கயிறும் முளைகளும் கொண்டுவந்தேன். எனக்குத் துணை செய்யுங்கள்" என்றார்.

அன்னையார் ஒன்றும் பேசவில்லை. அடுப்படிக்குச் சென்றுவிட்டார்.

நண்பர் தாழ்ந்த குரலில் தொடர்ந்தார். "அம்மாவுக்கு எழுபது வயது ஆகிறது. சரிவில் குனிந்து களை எடுக்கிறார், கதிர் அறுக்கிறார், தலையில் சுமந்து வருகிறார். சென்ற ஆண்டு காட்டில் வழுக்கி விழுந்து ஒரு திங்கள் படுக்கையில் கிடந்தார். கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. சாமையை விற்றால் வரும் பணம் அதற்குச் செய்யும் பாட்டுக்கு ஈடாகாது. மிளகு அப்படியன்று, கொடி பற்றிவிட்டால் பிறகு வேலை குறைவு. நான் கூறுவதில் தவறு உண்டா?"

தவறு என்று எவராலும் கூற இயலவில்லை. அவர் கூறியது அவர் வீட்டுக் கதை மட்டுமன்று. கொல்லிமலையின் கதையும் அதுவே. தாவரநூல் நண்பர் அதனை எனக்கு விளக்கினார். இம்மலை மக்கள் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு முதலிய சிறுதானியங்களை வழிவழியாகப் பயிரிட்டு வந்தனர். சாமையில் மட்டும் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று பல வகைகள் இங்கு உண்டு. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி, திருவிதாங்கூர் வழியாகத் தமிழகத்திற்குப் பரவியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கீழை நாடுகளிலிருந்து சவ்வரிசி வருவது நின்றது; அதனால் 1940-களில் சேலத்தில் சவ்வரிசித் தொழில் தோன்றியது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது, மலைக்குச் சாலை வந்தது, கிழங்கு பணமாயிற்று. சிறுதானியக் காடுகள் ஒவ்வொன்றாக மரவள்ளிக் காடுகளாயின. மரவள்ளியைத் தோண்டி எடுக்கும்போது சரிவு நிலத்து மண் இளகுகிறது. அடுத்த மழை அதனை வாரிச் சென்றுவிடுகிறது. மலைச்சரிவில் இந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

"அம்மா சாமையைக் கைவிட்டால் விதையும் போய்விடுமே" என்றார் தாவரநூல் நண்பர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் தொடங்கி இம்மலையில் இவ்விதைகளைக் காக்கும் பணி செய்து வருவதையும், ஊர்தோறும் விதை சேமிப்புக்கு ஏற்பாடு செய்ததையும், பெண்கள் உலக்கை பிடிக்கும் துன்பம் குறையச் சிறு அரைவை இயந்திரங்கள் வந்ததையும் அவர் எடுத்துரைத்தார். இந்தியாவின் முயற்சியால் 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியதையும் சேர்த்துக் கொண்டார். மலை நண்பர் பொறுமையாகக் கேட்டார். பின்னர், "உலகம் கொண்டாடட்டும், களை எடுப்பவர் என் அம்மா அல்லவா?" என்றார். இக்கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை.

அப்பொழுது அன்னையார் திரும்பி வந்தார். அவர் கையில் சாமை விதை முடிச்சு ஒன்று இருந்தது. மூலையில் மூங்கிலால் பின்னி மண்ணும் சாணமும் பூசிய தொம்பை நின்றது. அதன் அருகில் அமர்ந்தார்.

"தம்பி, நீ என் முதுகை நினைக்கிறாய், அது எனக்குத் தெரியாதா?" என்று தொடங்கினார். "கிழங்கு விற்ற பணத்தையும் நான் பார்த்திருக்கிறேன். விலை இறங்கின ஆண்டு, வண்டிக்கூலி கூடத் தேறவில்லை என்று அழுதவர்கள் நம் வாயிலுக்குத்தான் வந்தார்கள். இந்தத் தொம்பையில் இருந்துதான் ஆளுக்கு ஒரு படி அளந்தேன். வாங்கினவர்கள் மறு அறுவடையில் கூட்டியே கொடுத்தார்கள். மிளகை அள்ளிக் கொடுத்து ஒரு வீட்டுப் பசியை ஆற்ற முடியுமா? உன் மரத்தை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழ்க்காடுதான் செங்குத்து, நான் விழுந்ததும் அங்கேதான். அதில் உன் கயிற்றைப் பிடி. மேல்காடு வீட்டை ஒட்டிச் சமமாக இருக்கிறது. அதை எனக்கு விடு."

நண்பர் நெடுநேரம் வாளா இருந்தார். "மேல்காட்டுக்குக் களை எடுக்க ஆடியிலும் ஆவணியிலும் நான் விடுப்பு எடுத்து வருவேன். அதற்கு உடன்பட்டால் சரி" என்றார் இறுதியில். "வந்தால் சோறு போடமாட்டேன் என்றா சொல்லப்போகிறேன்?" என்றார் அன்னையார்.

வாசலூர்ப்பட்டியில் படகு விடவும், சீக்குப்பாறையில் நின்று கதிரவன் மறைவைக் காணவும், எட்டுக்கை அம்மன் கோயிலுக்குச் செல்லவும் நாங்கள் திட்டமிட்டிருந்தோம். ஒன்றும் நடைபெறவில்லை. கொல்லிப்பாவை என்று சங்கப் புலவர் பாடிய பாவையை இம்மலையார் எட்டுக்கை அம்மனோடு இணைத்தே பேசுவர். தெய்வம் அமைத்த அப்பாவை, காற்றும் மழையும் இடியும் தாக்கினும், நிலமே நடுங்கினும் தன் அழகு கெடாமல் நிற்பது என்று நற்றிணையில் பரணர் பாடியுள்ளார். அப்பாவையைக் காணாதது எனக்குக் குறையே. ஆனால் நால்வரும் கீழ்க்காட்டில் கயிறு பிடித்துக் கொண்டிருந்தோம்.

அளவெடுப்பதில் வணிக நண்பரே தலைவரானார். மரத்துக்கு மரம் 10 அடி என்பது கணக்கு. கயிறு சிறிது தளர்ந்தாலும், "முழம் போடத் தெரியாதவர்களா நீங்கள்?" என்று அதட்டினார். தாவரநூல் நண்பர் முளை அடித்தார். நான் இருமுறை சரிவில் சறுக்கினேன். மூன்றாம் முறை உருண்டே போனேன். மேல்காட்டு வரப்பில் நின்று பார்த்த அன்னையார், "இந்தக் காட்டில்தான் நான் இத்தனை ஆண்டு நின்றேன், தம்பி!" என்று கூவிச் சிரித்தார். அவருக்குப் பின்னே அறுவடைக்கு ஆயத்தமாக நின்ற சாமைக்கதிர்கள் மாலைக்காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. நாற்பது முளைகள் அடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

எஞ்சிய முளைகளை மறுநாள் காலையில் அடிப்பதற்காக மலை நண்பர் அங்கேயே தங்கிவிட்டார். நாங்கள் மூவரும் ஓடோடிச் சென்று கடைசிப் பேருந்தைப் பிடித்தோம். ஒவ்வொருவர் மடியிலும் அன்னையார் கட்டிக் கொடுத்த சாமையரிசி முடிச்சு ஒன்று இருந்தது. பேருந்து வளைவுகளில் இறங்கத் தொடங்கியது. கீழே சமவெளி ஊர்களின் விளக்குகள் வானத்து மீன்கள் சிந்தியது போல் மின்னின. தாவரநூல் நண்பர் உறங்கிவிட்டார். வணிக நண்பர் மட்டும் சன்னலோரம் விழித்திருந்து, இருளில் விரல் மடக்கிக் கொண்டே வந்தார். காரவள்ளியை அடைந்ததும் என் தோளைத் தட்டி, "எழுபதுதான், காலையில் எண்ணும்போது அந்தக் கிழங்கு வண்டியைப் பார்த்த இடத்தில் ஒன்றை விட்டுவிட்டேன்" என்றார்.